அலைக்கற்றைப் பகிர்வு: யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

1995 பிப்ரவரி 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் வழக்கில் தீர்ப்பளித்தது. 1993ஆம் ஆண்டின் ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்புவது குறித்து ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் இடையே எழுந்த பூசல் அது. வானலைகள் பொதுச்சொத்து, அவற்றைப் பொதுநலன் கருதியே பயன்படுத்த வேண்டும் என்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பின் வழியாகத்தான் இந்தியச் சட்டத்தில் ஊன்றியது.

'பொது' என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி கொள்ளும் பழக்கம் நம் மக்களுக்கு இல்லை. அதற்கு வரலாறு காரணம். பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் நிறைவேற்றியது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு சென்று அள்ளிக் குடிக்கும் வரை அந்த நீர் நமக்குத் திறக்கவில்லை. சட்டப் போராட்டம் 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை நீண்டது. ஒன்றைப் பொது என்று எழுதிவைப்பதற்கும் அது பொதுவாக இருப்பதற்கும் உள்ள தொலைவை அளந்து பார்த்தவர்கள் நாம்.

அந்த அளவுகோலை இன்று வானலைகளின் மீது வைத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. செயற்கைக்கோள் இணையம், 5ஜி, கோபுரங்களை இணைக்கும் நுண்ணலை இணைப்பு ஆகிய மூன்றும் ஒரே அலைவரிசைகளைக் கேட்டு மோதுகின்றன. ஏலமா, நேரடி ஒதுக்கீடா என்று பெருநிறுவனங்கள் வாதிடுகின்றன. இந்த வாதத்தைச் செய்தித்தாள்கள் இரு பெருமுதலாளிகளின் போட்டியாக மட்டுமே காட்டுகின்றன. பகிர்வு விதிகள் எப்படி இயங்குகின்றன என்பதை அறிந்தால்தான் அந்த வாதத்தில் நமக்குரிய கேள்வியை நாம் எழுப்ப முடியும்.

அலைக்கற்றை என்றால் என்ன?

கம்பியில்லாமல் செல்லும் ஒவ்வொரு செய்தியும் மின்காந்த அலையாகவே செல்கிறது. அந்த அலை ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்ந்தால் ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடி முறை அதிர்ந்தால் ஒரு கிகாஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்களின் நீண்ட வரிசையைத் துண்டு துண்டாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு பயனுக்கு ஒதுக்குகிறார்கள். அந்தத் துண்டுகளையே அலைக்கற்றை என்கிறோம்.

நிலக்கரியைப் போலவோ ஆற்றுமணலைப் போலவோ அலைக்கற்றை பயன்படுத்தத் தீர்ந்துபோவதில்லை. இன்று ஒருவர் பயன்படுத்தியதை நாளை இன்னொருவர் அப்படியே பயன்படுத்தலாம். ஆனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் சிதையும். இதுவே குறுக்கீடு. அலைக்கற்றை தொடர்பான எல்லாச் சட்டங்களும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே எழுந்தவை.

எல்லா அலைக்கற்றையும் ஒன்றல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்கள் வெகுதூரம் செல்லும். சுவரைத் துளைத்து வீட்டுக்குள்ளும் வரும். ஒரே கோபுரத்தைக் கொண்டு பரந்த பகுதிக்குச் சேவை தர முடியும் என்பதால் கிராமங்களுக்கு ஏற்றவை இவையே. 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண்கள் மிகுந்த தரவைச் சுமக்கும். ஆனால் சில நூறு மீட்டர்களுக்குள் தளர்ந்துவிடும். நெரிசலான நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றவை அவை. ஆகவே எந்த அலைக்கற்றையை எந்த விலைக்கு எந்த நிபந்தனையுடன் கொடுக்கிறார்கள் என்ற முடிவுக்குள்ளேயே எந்த மக்களுக்கு முதலில் சேவை என்ற முடிவும் அடங்கியிருக்கிறது.

மூன்று சேவைகள், இரண்டு படிநிலைகள்

சர்வதேச விதிகள் அலைக்கற்றையை நிறுவனங்களுக்குப் பிரிப்பதில்லை, சேவைகளுக்குப் பிரிக்கின்றன. அவற்றுள் மூன்று நமக்கு இங்கே முக்கியமானவை. முதலாவது நிலைத்த சேவை: இடம் மாறாத இரு புள்ளிகளுக்கு இடையிலான இணைப்பு. கண்ணாடி இழைக் கம்பி எட்டாத மலையில் நிற்கும் செல்பேசிக் கோபுரம், அடுத்த ஊர்க் கோபுரத்துடன் நுண்ணலை வட்டைகள் மூலம் பேசுவது இந்த வகை. இரண்டாவது செல்பேசிச் சேவை: நடமாடும் கருவிக்கும் கோபுரத்துக்கும் இடையிலான இணைப்பு. மூன்றாவது செயற்கைக்கோள் சேவை: வீட்டுக் கூரையில் உள்ள வட்டையோ தரை நிலையமோ விண்ணில் உள்ள கோளுடன் பேசுவது.

ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகளுள் ஒன்றான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு அலைவரிசையிலும் எந்தெந்தச் சேவைக்கு இடமுண்டு என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. இந்தியா மூன்றாம் மண்டலத்தில் உள்ளது. பல அலைவரிசைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட சேவைகளுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக 27.5 முதல் 29.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மேற்சொன்ன மூன்று சேவைகளுக்குமே இடமுண்டு.

இந்த அட்டவணையின் ஆங்கில வடிவத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில சேவைகளின் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். சில பெயர்கள் சாதாரண எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பவை முதன்மைச் சேவைகள். சாதாரண எழுத்தில் இருப்பவை இரண்டாம் நிலைச் சேவைகள். இரண்டாம் நிலைச் சேவை முதன்மைச் சேவைக்குத் தீங்கான குறுக்கீடு செய்யக் கூடாது. அதே வேளையில், முதன்மைச் சேவையால் தனக்கு நேரும் குறுக்கீட்டுக்கு எதிராகப் பாதுகாப்புக் கோரவும் அதற்கு உரிமையில்லை. கடமை இரண்டாம் நிலைக்கு, உரிமை முதன்மைக்கு என்பதே ஏற்பாடு.

ஒரே தெருவில் நடக்கலாம், ஆனால் எதிரே வருபவருக்கு எப்போதும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்ற ஏற்பாட்டை நாம் நன்கு அறிவோம். இயந்திரங்களுக்கு இடையிலான முன்னுரிமையைச் சாதிப் படிநிலையோடு சமப்படுத்துவது நம் நோக்கமன்று. விமானங்களின் வழிகாட்டுக் கருவிக்கும் வீட்டு வைஃபைக்கும் மோதல் வந்தால் விமானத்துக்கே முன்னுரிமை தர வேண்டும். அதில் நியாயம் உண்டு. நாம் சொல்ல வருவது வேறு. பகிர்வு என்ற சொல் சமத்துவத்தை உறுதி செய்வதில்லை. எந்தப் பகிர்விலும் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி மறைந்திருக்கும். அந்த விதியை எழுதும் மேசையில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதே நமது முதல் கேள்வி.

முதலில் வந்தவருக்கே முதலில்

விண்வெளியில் இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கு முன்பே எழுந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள வட்டப்பாதையில் சுற்றும் கோள், தரையிலிருந்து பார்க்கும்போது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். தொலைக்காட்சிக்கும் தொலைத்தொடர்புக்கும் மிகப் பயனுள்ள இந்தப் பாதையில் இடங்கள் எண்ணற்றவை அல்ல. முதலில் விண்ணப்பித்து முதலில் ஏவியவருக்கே இடம் என்ற வழக்கம் அங்கே நிலவியது. பார்வைக்கு இந்த விதி எவரையும் விலக்கவில்லை. ஆனால் 1960களிலும் 1970களிலும் ஏவுகணையும் பணமும் யாரிடம் இருந்தன? அண்மையில் விடுதலை பெற்ற நாடுகள் வரிசையில் நிற்கும் நிலைக்கு வருவதற்குள் வரிசையே முடிந்துவிடும் அபாயம் இருந்தது.

1976இல் கொலம்பியா, ஈக்வடார், கென்யா, இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் பொகோட்டா நகரில் கூடி, தங்கள் தலைக்கு மேலுள்ள வட்டப்பாதைப் பகுதி தங்களுக்கே உரியது என்று அறிவித்தன. அந்த உரிமைக் கோரிக்கையை உலகம் ஏற்கவில்லை. ஆனால் வளரும் நாடுகள் தொடர்ந்து எழுப்பிய எதிர்ப்புக்குப் பலன் கிடைத்தது. 1988இல் குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் ஒவ்வொரு நாட்டுக்கும் வட்டப்பாதையில் ஓர் இடமேனும் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் திட்டம் ஏற்கப்பட்டது. இன்று ஏவ முடியாத நாட்டுக்கும் நாளைக்கான இடம் காத்திருக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அமைப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவும் அலைவரிசைகளும் வட்டப்பாதைகளும் வரம்புக்குட்பட்ட இயற்கை வளங்கள் என்றும், வளரும் நாடுகளின் தனித் தேவைகளைக் கருத்தில் கொண்டு நாடுகளுக்கு அவை நியாயமான முறையில் கிடைக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இடஒதுக்கீட்டின் அடிப்படைத் தர்க்கமும் இதுவே. போட்டியில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டோம் என்று சொல்வதற்கு முன், ஓடத் தடைசெய்யப்பட்டிருந்தவர்களின் பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும். நாடுகளுக்கு இடையே இந்தத் தர்க்கத்தை வளரும் நாடுகளால் ஓரளவேனும் நிலைநாட்ட முடிந்தது. ஆனால் அதே நாடுகள் தம் எல்லைக்குள் தம் மக்களிடையே அதைப் பின்பற்றுகின்றனவா என்பது வேறு கேள்வி.

இப்போது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆயிரக்கணக்கான கோள்கள் சுற்றும் காலம். இந்தத் தாழ்வட்டப் பாதைக் கூட்டங்கள் மேலே நிற்கும் பழைய கோள்களுக்குக் குறுக்கீடு செய்யாதிருக்க ஆற்றல் வரம்புகள் உள்ளன. காகிதத்தில் மட்டும் கோள்களைப் பதிவுசெய்து இடத்தை முடக்குவதைத் தடுக்க 2019ஆம் ஆண்டு உலக வானொலித் தொடர்பு மாநாடு ஒரு விதி செய்தது. அதன்படி, விண்ணப்பத்துக்குரிய ஏழாண்டுக் காலம் முடிந்தபின் இரண்டு ஆண்டுகளில் 10 விழுக்காடு, ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு, ஏழு ஆண்டுகளில் முழுமையாகக் கோள்களை நிலைநிறுத்த வேண்டும். பயன்படுத்தாதவர் பிடித்துவைத்திருக்கக் கூடாது என்ற கொள்கை இது. இதை நினைவில் கொள்வோம், தரையிலும் தேவைப்படும்.

ஒரே அலைவரிசை, நாட்டுக்கு நாடு வேறு முடிவு

அட்டவணையில் இடம் தருவதோடு சர்வதேச விதியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த இடத்தை யாருக்கு, எப்படித் தருவது என்பது ஒவ்வொரு நாட்டின் அரசியல் முடிவு. 28 கிகாஹெர்ட்ஸ் இதற்கு நல்ல சான்று. அமெரிக்கா அதன் ஒரு பகுதியை 5ஜிக்காக ஏலம் விட்டது. ஐரோப்பிய நாடுகள் அதைச் செயற்கைக்கோளுக்கு விட்டுவைத்தன. தென்கொரியா 2018இல் மூன்று செல்பேசி நிறுவனங்களுக்கு ஏலத்தில் கொடுத்தது. ஒப்புக்கொண்டபடி அவை நிலையங்களை அமைக்காததால் 2022, 2023ஆம் ஆண்டுகளில் மூன்றிடமிருந்தும் அந்த ஒதுக்கீட்டைத் திரும்பப் பெற்றது. இந்தியா 2022 ஏலத்தில் 24.25 முதல் 27.5 வரை மட்டுமே செல்பேசி நிறுவனங்களுக்கு விற்றது. அதற்கு மேலுள்ளதைச் செயற்கைக்கோளுக்கு விட்டது. இயற்பியல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். முடிவுகள் வேறுபடக் காரணம் அரசியல்.

வரலாற்றால் ஒதுக்கப்பட்ட மக்களின் பங்கு என்ற கேள்வியையும் சில நாடுகள் அலைக்கற்றையில் எதிர்கொண்டிருக்கின்றன. மூன்று சான்றுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைப் பொது ஏலத்துக்கு விடுவதற்கு முன், கிராமப்புறப் பழங்குடி நிலங்களின் மீதான பகுதியை அந்தப் பழங்குடி அரசுகளே விண்ணப்பித்துப் பெறுவதற்கு 2020 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை முன்னுரிமைக் காலம் வழங்கப்பட்டது. 400க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன.

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் அலைக்கற்றையின் மீது தங்களுக்குள்ள உரிமையைப் பல ஆண்டுகள் வைத்தாங்கித் தீர்ப்பாயத்தின் முன் வாதிட்டனர். 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இனி நாடளாவிய வணிகப் பயனுக்கு ஒதுக்கப்படும் அலைக்கற்றையில் 20 விழுக்காடு மாவோரிகளுக்கு உரியது.

மெக்சிகோவில் பெருநிறுவனங்கள் லாபமில்லை என்று கைவிட்ட ஓவாஹாகா மாநில மலைக்கிராமங்களில் பழங்குடி மக்கள் 2013 முதல் தாங்களே செல்பேசி வலையமைப்பை நடத்தத் தொடங்கினர். 2014ஆம் ஆண்டுச் சட்டம் சமூகப் பயனுக்கான உரிமம் என்ற தனி வகையை ஏற்றது. 2016இல் அவர்களின் அமைப்பு அந்த உரிமத்தைப் பெற்றது. பிறகு பெருநிறுவனங்களைப் போலவே அலைக்கற்றைக் கட்டணம் செலுத்தச் சொன்னபோது வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

மூன்றும் வெவ்வேறு வழிகள். ஆனால் மூன்றிலும் அரசு ஒன்றை ஒப்புக்கொண்டது: சந்தை விலை கொடுக்க முடிந்தவர் என்பது பொதுமக்கள் என்பதற்கு ஈடாகாது.

இந்தியாவில் நடப்பது என்ன?

2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்துசெய்தபோது, முதலில் வருபவருக்கே முதலில் என்ற முறை அடிப்படையிலேயே பழுதுடையது என்று கண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த அரசமைப்பு அமர்வு, எல்லா இயற்கை வளங்களையும் ஏலம் விட்டே ஆகவேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. பொதுநலனுக்கு எது உகந்ததோ அதுவே முறை. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்கு உகந்தவாறு பகிரப்பட வேண்டும் என்று நெறி வகுத்திருப்பதையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.

1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், அலைக்கற்றையின் உரிமையாளர் ஒன்றிய அரசு என்றும், மக்களின் சார்பில் அந்த உரிமையை அது கொண்டிருக்கிறது என்றும் 4ஆம் பிரிவில் கூறுகிறது. ஒதுக்கீடு ஏலத்தின் மூலமே நடக்கும். முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு மட்டும் நிர்வாக முறையில் நேரடியாகத் தரலாம். அந்த அட்டவணையில் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, சமுதாய வானொலி ஆகியவற்றோடு, கோபுரங்களை இணைக்கும் நுண்ணலை இணைப்பும் சில செயற்கைக்கோள் சேவைகளும் இடம்பெற்றுள்ளன. ஆக, மூன்று சேவைகளுள் செல்பேசிக்கு ஏலம், மற்ற இரண்டுக்கும் நேரடி ஒதுக்கீடு என்று சட்டமே பிரித்துவிட்டது.

செல்பேசி நிறுவனங்கள் இதை எதிர்த்தன. நாங்கள் கோடிகளைக் கொட்டி வாங்கியதை, அதே வாடிக்கையாளருக்கு அதே இணையத்தை விற்கப்போகும் செயற்கைக்கோள் நிறுவனம் எளிய கட்டணத்தில் பெறுவதா என்பது அவர்கள் வாதம். செயற்கைக்கோள் தரப்போ, ஒரே அலைவரிசையைப் பல கோள்கள் பகிர முடியும் என்பதால் தனியுரிமையாக ஏலம் விடுவதே பொருந்தாது என்கிறது. தொழில்நுட்ப நோக்கில் செயற்கைக்கோள் தரப்பின் வாதத்துக்கு வலு அதிகம். 2025 மே 9 அன்று டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் அளித்த பரிந்துரை, ஆண்டு வருவாயில் 4 விழுக்காட்டை அலைக்கற்றைக் கட்டணமாகப் பெறலாம் என்றது. தாழ்வட்டப் பாதை இணையத்துக்கு நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணமும் பரிந்துரைக்கப்பட்டது. கிராமத்தை நோக்கி நிறுவனங்களைத் திருப்புவதே இதன் எண்ணம்.

ஏலம் என்றாலே பொதுநலன் என்ற நம்பிக்கையையும் நாம் சோதிக்க வேண்டும். கிராமங்களுக்கு மிக உகந்தது என்று மேலே சொன்ன 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2016, 2021 ஆகிய இரண்டு ஏலங்களிலும் அடிப்படை விலை மிகுதியால் துளியும் விற்கவில்லை. 2022இல்தான் ஒரே நிறுவனம் அதை வாங்கியது. ஆறு ஆண்டுகள் பொதுச்சொத்து பூட்டிக்கிடந்தது. பயன்படுத்தினாலும் தேயாத ஒரு வளம், பயன்படுத்தப்படாமலேயே வீணானது. 2022 ஏலத்தில் அரசு ஈர்த்த தொகை 1,50,173 கோடி ரூபாய். வருவாய் பொதுநலனின் ஒரு பகுதிதான். அது பொதுநலனுக்கு மாற்றாகாது.

ஊரும் சேரியும் ஒரே புள்ளியில்

இந்த விவாதம் நம் வாழ்வில் எங்கே வந்து தொடுகிறது? நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், வேலைத்தளத்தில் இருந்தே செல்பேசிச் செயலியில் நாளுக்கு இருமுறை வருகையைப் படத்துடன் பதிவுசெய்வது கட்டாயமாக்கப்பட்டது. ரேஷன் கடையில் கைரேகை இணையத்தின் வழியாகச் சரிபார்க்கப்படுகிறது. கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் இணையத்தில். அலைவரிசை கிடைக்காத இடத்தில் கூலியும் அரிசியும் உதவித்தொகையும் தடைபடுகின்றன. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 33.3 விழுக்காட்டினரே இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர், ஆண்களுள் 57.1 விழுக்காட்டினர்.

சேவை எட்டாத பகுதிகளுக்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 24,680 கிராமங்களுக்கு 4ஜி சேவை அளிக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் ஒப்புதல் தரப்பட்டது. ஆனால் கணக்கின் அலகைப் பாருங்கள். அது கிராமம். வருவாய்த் துறையின் பதிவேட்டில் ஒரு கிராமம் என்பது ஒரு பெயர், ஓர் எண். அந்த எண்ணுக்குள் ஊரும் இருக்கிறது, ஊருக்கு வெளியே பள்ளத்திலோ ஏரிக்கரையிலோ மயானத்தை ஒட்டியோ சேரியும் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி. தரையில் இரண்டும் வேறு வேறு இடங்கள். அலை எட்டுவதும் எட்டாததும் சில நூறு மீட்டர்களில் மாறக்கூடிய ஒரு தொழில்நுட்பத்தில், குடியிருப்பு வாரியாக அளக்காத கணக்கு சேரியைக் காணாமலேயே கிராமத்துக்குச் சேவை கிடைத்துவிட்டது என்று எழுதிவிட முடியும். டிராயின் சந்தாதாரர் அறிக்கைகள் கிராமம், நகரம், சேவை வட்டம், நிறுவனம் என்று பிரித்துத் தருகின்றன. சமூகப் பிரிவு என்ற பத்தி அவற்றில் இல்லை. எண்ணப்படாத இல்லாமையைக் கேள்வி கேட்பது கடினம்.

பொதுவளத்தை ஒதுக்கும்போது சமூகநீதியைக் கருதுவது இந்தியாவுக்குப் புதிதன்று. பெட்ரோல் விற்பனை நிலைய ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 22.5 விழுக்காடு உண்டு. பொதுத்துறையின் கொள்முதலில் இப்பிரிவினர் நடத்தும் சிறு, குறு நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு இலக்கு உண்டு. அலைக்கற்றையில் மட்டும் அத்தகைய சிந்தனை எழவில்லை. தொழிற்சாலைகள் தமக்கென்று தனி 5ஜி வலையமைப்பு வைத்துக்கொள்ள 2022 ஜூனில் அரசு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ஒரு தொழிற்சாலை தனக்கான வலையமைப்பை நடத்தலாம் என்றால், ஒரு மலைக்கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் ஏன் நடத்தக் கூடாது?

நம் மக்களால் முடியுமா என்ற ஐயத்துக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. இன்றைய தெலங்கானாவின் சகீராபாத் பகுதியில் உள்ள மாச்சனூரில் 2008 அக்டோபர் 15 முதல் தலித் பெண்களின் சங்கங்கள் சங்கம் ரேடியோ என்ற சமுதாய வானொலியை நடத்துகின்றன. சிறுதானியமும் விதைப் பாதுகாப்பும் பாட்டும் அவர்கள் மொழியில் அவர்கள் குரலில் ஒலிக்கின்றன. சிறிதளவு அலைக்கற்றையும் சிறு கோபுரமும் கிடைத்தால் போதும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் சமுதாய வானொலி தானே செய்தி திரட்டி ஒலிபரப்ப இன்றும் அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியையே எடுத்தாள வேண்டும். சேரியில் நடந்த வன்கொடுமையைச் சேரியின் வானொலி செய்தியாகச் சொல்ல முடியாது. பேசலாம், ஆனால் எதைப் பேசுவது என்பதை வேறொருவர் முடிவுசெய்வார் என்பதும் ஒருவகை இரண்டாம் நிலைதான்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சேவைக் கணக்கு குடியிருப்பு வாரியாக வெளியிடப்பட வேண்டும். செயற்கைக்கோள் இணையத்துக்கும் கிராமக் கோபுரங்களுக்கும் பொதுப்பணத்தில் மானியம் தரும்போது, ஊரும் சேரியும் தனித்தனியாக அளக்கப்பட்டனவா என்பது நிபந்தனையாக வேண்டும்.

இரண்டாவது, பயன்படுத்து அல்லது பகிர்ந்துகொள் என்ற விதி வேண்டும். ஒதுக்கிய அலைக்கற்றையைத் தக்க காரணமின்றிப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் ரத்துசெய்ய 2023ஆம் ஆண்டுச் சட்டமே அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாடு முழுவதற்கும் வாங்கிய அலைக்கற்றையை ஒரு மலைத்தொடரில் பயன்படுத்தாத நிறுவனம், அங்குள்ள கூட்டுறவுக்கு வழிவிட வேண்டும். பெரியவர் திரும்பி வரும்வரை சிறியவர் பயன்படுத்துவது தொழில்நுட்பத்தில் புதிதல்ல. அமெரிக்காவில் 3.5 கிகாஹெர்ட்ஸில் கடற்படையின் ரேடார், ஏலத்தில் எடுத்தவர்கள், பொதுப் பயனர்கள் என மூன்று அடுக்கினர் தானியங்கிப் பதிவேட்டின் உதவியால் ஒரே அலைவரிசையைப் பகிர்கின்றனர்.

மூன்றாவது, சமூகப் பயனுக்கு ஒதுக்கப்படுவது கைமாறக் கூடாது. பஞ்சமி நிலத்தின் பாடம் நமக்குத் தெரியும். 1892 முதல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட நிலங்கள், அந்த நிபந்தனையைக் காக்க எவருமில்லாததால் பிறர் கைக்குப் போயின. பட்டா நம் பெயரில், உழுவது வேறொருவர் என்ற நிலை அலைக்கற்றையிலும் வரக் கூடாது. உரிமத்தைக் குத்தகைக்கும் விற்பனைக்கும் அப்பால் நிறுத்தும் விதி தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, உரிமம் தேவையற்ற அலைக்கற்றை விரிவடைய வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவு 2018இலும் உரிமமின்றித் திறக்கப்பட்டதால்தான் வைஃபை நம் நூலகங்களுக்கும் விடுதிகளுக்கும் வந்தது. செயற்கைக்கோளுக்கும் நுண்ணலை இணைப்புக்கும் பயன்படும் 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைக் குறைந்த ஆற்றலில் வைஃபைக்கும் திறந்துவிட 2025 மேயில் வரைவு விதிகள் வந்தன. விலை கொடுக்காமல், எவரிடமும் அனுமதி கேட்காமல் நுழையக்கூடிய ஒரே பொதுவெளி இதுதான். அது சுருங்காமல் காக்க வேண்டும்.

இந்த முடிவுகள் மூடிய அறையில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. டிராய் ஒவ்வொரு பரிந்துரைக்கும் முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிடுகிறது. கருத்துகளை எவரும் எழுதி அனுப்பலாம். வந்த கருத்துகள் வெளியிடப்படுகின்றன. திறந்த விவாதக் கூட்டமும் நடக்கிறது. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் செல்பேசி நிறுவனங்களும் செயற்கைக்கோள் நிறுவனங்களும் அவர்களது சங்கங்களும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதைக் காணலாம். பொறியியலும் சட்டமும் பயிலும் நம் மாணவர்கள், தங்கள் ஊரில் எந்தக் குடியிருப்பில் அலை கிடைக்கிறது, எதில் கிடைக்கவில்லை என்று செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து அளந்து, அந்தக் கணக்கை அதே வரிசையில் சேர்க்க முடியும்.

அடுத்த உலக வானொலித் தொடர்பு மாநாடு 2027இல் ஷாங்காயில் கூடுகிறது. சாதாரணச் செல்பேசியுடன் செயற்கைக்கோள் நேரடியாகப் பேசுவதற்கு எந்த அலைவரிசையைத் தருவது என்பது அதன் பொருள்களுள் ஒன்று. கோபுரமே இல்லாத இடத்திலும் அலை எட்டும் காலம் நெருங்குகிறது. அப்போதும் கட்டணம், கருவி, முன்னுரிமை என்ற பெயர்களில் வேலி போடப்படலாம். அலைக்கற்றையை மக்களின் சார்பில் வைத்திருப்பதாகச் சட்டம் சொல்கிறது. அந்த மக்களுக்குள் சேரியும் அடங்கும் என்பதை ஒவ்வொரு விதியிலும் ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதவைக்கும் பொறுப்பு நம்முடையது.